மொழிபெயர்ப்புப் பணியும் கல்லூரிக் கல்வியும்

(மகாவீர ஜயந்தி விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



பகவான் மகாவீரர் கேவல ஞானம் எய்திய பின்னரும் 66 நாள்கள் வரை திவ்யத்வனி எழவில்லை என்பது திகம்பர மரபு. கேட்டதை உள்ளத்தில் தாங்கி, பகுத்து, பிறர்க்கு எடுத்துரைக்கவல்ல கணதரர் அங்கு இல்லாமையே அதற்குக் காரணம் என்று ஆசாரியர்கள் கூறுவர். இந்திரபூதி கௌதமர் வந்து துறவேற்ற பின்னரே ராஜகிருஹத்து விபுலமலையில் அருளுரை பிறந்தது. அது 18 பெருமொழிகளாகவும் 700 சிறுமொழிகளாகவும் கேட்போர்க்கு விளங்கியது என்பர். கணதரரை மொழிபெயர்ப்பாளர் என்று சொல்லிவிடுவது அவர் பெருமையைக் குறுக்குவதாகும். ஆயினும், ஏற்றுச் சொல்வோர் இல்லாதபோது சொல்வோரின் சொல்லும் நின்றுபோகும் என்பதை இந்த மரபைப்போல் அழுத்தமாக உணர்த்துவது வேறொன்றில்லை.

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவை எதிர்நோக்கும் இல்லங்கள் இந்த அவையில் பல உண்டு. மகனோ மகளோ "மொழிபெயர்ப்பாளர் ஆக விரும்புகிறேன்" என்று சொன்னால், பெற்றோர் உள்ளத்தில் முதலில் எழுவது அச்சமே. அது ஒரு தொழிலா, அதற்கு என்ன படிப்பு, அதனால் குடும்பம் நடக்குமா என்னும் மூன்று கேள்விகளும் நியாயமானவை. அவற்றுள் படிப்பைப் பற்றிய கேள்வியே இன்றைய பொருள். ஏனையவற்றுக்கும் விடை அதனுள்ளேயே இருக்கிறது.

மொழிபெயர்ப்பு தமிழ் ஜைனர்க்குப் புதிய தொழில் அன்று. வழிநூலின் வகை நான்கனுள் ஒன்றாக மொழிபெயர்த்தலைத் தொல்காப்பியம் வைத்திருக்கிறது. குணாட்டியரின் பிருகத்கதை வழிவந்த உதயணன் கதையைக் கொங்குவேளிர் பெருங்கதையாகத் தமிழில் தந்தார். சமந்தபத்திராசாரியரின் இரத்தினகரண்டக சிராவகாசாரம் தமிழில் அருங்கலச்செப்பு ஆயிற்று. அந்தப் பெயரைச் சற்று நின்று நோக்குதல் வேண்டும். இரத்தினம் அருங்கலம், கரண்டகம் செப்பு. வடசொல் ஒன்றும் எஞ்சவில்லை. பொருளில் ஒன்றும் குறையவில்லை. நவபதார்த்தங்களைக் கூறுமிடத்தும் ஆஸ்ரவத்தை ஊற்று என்றும், சம்வரத்தைச் செறிப்பு என்றும், நிர்ஜரையை உதிர்ப்பு என்றும், பந்தத்தைக் கட்டு என்றும், மோட்சத்தை வீடு என்றும் வழங்கினர் முன்னோர். வடமொழியில் பொதுவழக்காக நிர்ஜரர் என்றால் மூப்பில்லாத தேவர் என்று பொருள். அகராதியை மட்டும் நம்பியவர் அங்கே வழுக்கி விழுந்திருப்பார். உதிர்ப்பு என்று எழுதியவர் இரு மொழிகளோடு வினைக்கொள்கையையும் அறிந்தவர்.

கல்லூரிப் படிப்பைத் தேர்ந்தெடுக்கும் மாணவர் கருதவேண்டியதும் இதுவே. இரு மொழிகள் தெரிந்தால் மொழிபெயர்ப்பாளர் ஆகிவிடலாம் என்பது பரவலான எண்ணம். மொழி இரண்டு தெரிவது வாயிலைத் திறப்பது மட்டுமே. மொழிகளுடன் ஏதேனும் ஒரு துறை, அதன் சொற்கள் எந்தப் பொருளில் எங்கே வழங்குகின்றன என்று தயங்காமல் சொல்லும் அளவுக்குக் கைவரவேண்டும். தர்மம் என்னும் சொல்லுக்குத் தமிழில் அறம் என்று எழுதுவதில் யாருக்கும் ஐயமில்லை. ஆனால் ஆறு திரவியங்களைச் சொல்லுமிடத்தில் தர்மம் என்பது உயிரும் புத்கலமும் இயங்குவதற்குத் துணையாகும் பொருள். அதர்மம் அவை நிற்பதற்குத் துணையாகும் பொருள். அங்கே அறம் என்றும் மறம் என்றும் எழுதினால் நூல் முழுவதும் பிழையாகிவிடும். புத்கலம் என்பதும் அவ்வாறே. பௌத்த நூலில் அது ஆள் அல்லது தனிமனிதன்; ஜைன நூலில் சடப்பொருள்.

மகாமகோபாத்தியாய உ.வே. சாமிநாதையர் சீவகசிந்தாமணியை 1887ஆம் ஆண்டு பதிப்பித்தபோது, தமிழ்ப் புலமையில் அவருக்குக் குறையொன்றும் இல்லை. ஆயினும் ஜைனக் கோட்பாட்டுச் சொற்கள் விளங்காமல், கும்பகோணத்து ஜைனக் குடும்பத்தாரை நாடிச் சென்று, கேட்டுக் கேட்டுத் தெளிந்தார். அதனை அவரே தம் வரலாற்றில் நன்றியுடன் எழுதியிருக்கிறார். அவர்க்கு வேண்டியிருந்தது கோட்பாட்டைச் சொல்லித்தர ஒருவர். அந்நாளில் கேட்டவுடன் விடை சொல்ல இல்லந்தோறும் பெரியவர்கள் இருந்தனர். இன்று அப்படி ஒருவர் வந்து கேட்டால் விடை சொல்வோர் எத்தனை இல்லங்களில் இருக்கின்றனர் என்பதை அவையோரே எண்ணிப் பார்க்கலாம்.

பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார் தத்துவம் பயின்று, தத்துவம் கற்பித்தவர். அவரே குந்தகுந்தரின் பஞ்சாஸ்திகாயத்தை 1920இல் ஆங்கிலத்தில் வெளியிட்டார், சமயசாரத்தை 1950இல் வெளியிட்டார், நீலகேசியைப் பதிப்பித்தார், திருக்குறளையும் ஆங்கிலமாக்கினார். மொழிபெயர்ப்புப் பட்டயம் எதுவும் இல்லாத காலம் அது. அவர் எழுத்துக்கு வலிமை தந்தது தத்துவப் பயிற்சி. சமயசாரத்தில் நிச்சயநயமும் வியவகாரநயமும் எங்கே பிரிகின்றன என்பதை அறியாதவர் எத்தனை ஆங்கிலம் கற்றாலும் அந்நூலைப் பெயர்த்திருக்க முடியாது.

இனி நடைமுறைக்கு வரலாம். இளநிலைப் பட்டத்திலேயே மொழிபெயர்ப்பு என்ற பெயருள்ள படிப்பைத் தேடி அலைவது தேவையற்றது. தமிழ், ஆங்கிலம், இந்தி, வடமொழி ஆகியவற்றுள் ஒன்றில் இளங்கலை பயின்று, மற்றொன்றை விருப்பப்பாடமாக எடுப்பது ஒரு வழி. சட்டம், தத்துவம், வரலாறு, மருத்துவம் சார்ந்த அறிவியல் ஆகியவற்றுள் ஒன்றைப் பயின்று, மொழியைத் தனியே உறுதியாகக் கற்பது மற்றொரு வழி. பிந்தைய வழியே பலருக்குப் பயனுள்ளது என்று துணிந்து சொல்லலாம். மொழிபெயர்ப்புக்கான முறையான பயிற்சி முதுநிலையில் வந்தால் போதும். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் மொழிபெயர்ப்புத் துறை இருக்கிறது. ஹைதராபாத் பல்கலைக்கழகத்தில் பயன்பாட்டு மொழியியலுக்கும் மொழிபெயர்ப்புக்கும் உரிய மையம் உண்டு. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் வேலையில் இருப்போரும் பயிலத்தக்க பட்டயப் படிப்பை நடத்துகிறது.

ஒரு செய்தியை மட்டும் முதலாண்டிலேயே மனத்தில் இருத்த வேண்டும். மத்திய அரசின் இந்தி மொழிபெயர்ப்பாளர் பணிக்கு முதுகலைப் பட்டம் மட்டும் போதாது. இந்தியில் முதுகலை என்றால், இளநிலையில் ஆங்கிலம் பாடமாகவோ பயிற்றுமொழியாகவோ இருந்திருக்க வேண்டும். ஆங்கிலத்தில் முதுகலை என்றால் இந்தி அவ்வாறு இருந்திருக்க வேண்டும். அதன்மேல் மொழிபெயர்ப்புப் பட்டயமோ பணியனுபவமோ கேட்கப்படும். பதினேழு வயதில் கவனமின்றி விட்டுவிட்ட ஒரு விருப்பப்பாடம் இருபத்துமூன்று வயதில் வாயிலை அடைத்துவிடுகிறது. கல்லூரி விண்ணப்பத்தை நிரப்பும் நாளிலேயே பெற்றோர் இதனைப் பார்த்துக்கொள்ளுதல் நலம்.

பொறியியலே படிப்பு என்று உறுதியாயிருக்கும் பெற்றோர்க்கும் ஒரு சொல். காஞ்சிபுரம், செய்யாறு, வந்தவாசிப் பகுதிக் குடும்பங்களுக்கு ஒரகடமும் இருங்காட்டுக்கோட்டையும் தொலைவில் இல்லை. அங்கே ஜப்பானிய, கொரியத் தொழிலகங்கள் இயங்குகின்றன. இயந்திரவியல் பயின்ற ஒருவர் ஜப்பானிய மொழித் தேர்வின் ஐந்து படிகளுள் மேற்படிகளை எட்டினால், அவர் சொல்வது இரு தரப்புப் பொறியாளர்க்கும் விளங்கும். மொழி மட்டும் அறிந்தவர்க்கு அந்தக் கூட்டத்தில் பற்சக்கரத்தின் பெயரே தடையாகும். ஆகவே பொறியியலும் மொழிப்பணியும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல.

எழுத்தில் பெயர்ப்பவர் வேறு, பேச்சில் பெயர்ப்பவர் வேறு என்பதையும் மாணவர் தொடக்கத்திலேயே தெரிந்துகொள்ள வேண்டும். முன்னவர் ஒரு சொல்லுக்காக மூன்று நாள் காத்திருக்கலாம். பின்னவர்க்கு மூன்று நொடியும் இல்லை. 1945இல் தொடங்கிய நியூரம்பர்க் வழக்கில் நான்கு மொழிகளில் உடனுக்குடன் பெயர்த்துரைக்கும் முறை பெரிய அளவில் நடைமுறைக்கு வந்தது. இந்திய மக்களவையில் இந்தியும் ஆங்கிலமும் 1964 முதல் அவ்வாறு பெயர்க்கப்படுகின்றன. அடைப்புக்கூண்டில் அமர்ந்து பெயர்ப்போர், மனம் களைத்துப் பிழை நேராதிருக்க, ஏறத்தாழ அரை மணிக்கு ஒருமுறை ஆள் மாறுவர். பேசி முடித்தபின் பெயர்த்துரைப்பது வேறொரு கலை. அதில் குறிப்பெடுக்கும் பயிற்சியும் நினைவாற்றலும் இன்றியமையாதன. நீதிமன்றத்திலும் மருத்துவமனையிலும் பயன்படுவது இம்முறையே. தமிழ் ஆட்சிமொழிகளுள் ஒன்றாயுள்ள சிங்கப்பூரிலும் இலங்கையிலும் இப்பணிக்கு நிலைத்த இடம் உண்டு.

இந்த இரண்டாம் வகைப் பணியைத் தமிழ் ஜைனர் ஊர்தோறும் கண்டிருக்கின்றனர்; அதற்கு ஒரு பெயர் உண்டென்று மட்டும் எண்ணியதில்லை. வடநாட்டிலிருந்து விகாரம் வரும் முனிசங்கத்தார் இந்தியில் பிரவசனம் செய்ய, அருகிருந்து ஒருவர் தமிழில் சொல்கிறார். இந்தியிலும் தமிழிலும் ஒரே வடசொல் வருவதால் வேலை எளிது என்று தோன்றும். உண்மையில் இடர்ப்பாடே அங்குதான். ஆலோசனை என்றால் தமிழில் கலந்தாய்வு. இன்றைய இந்தியில் குறைகூறித் திறனாய்தல். முனிவர் நாவில் அது குருவின்முன் தன் குற்றங்களை மறைக்காமல் வெளியிடும் விரதநெறி. நான்கு கஷாயங்களுள் ஒன்றாகிய மானம் செருக்கைக் குறிக்கும். அதனை அப்படியே தமிழில் "மானத்தை விடுங்கள்" என்று சொன்னால், மானமே உயிர் என்று வாழும் முதியவர் திகைத்துப் போவார். மாயை என்பதும் அங்கே வஞ்சனை. வேதாந்தம் கூறும் பொய்த்தோற்றம் அன்று. இவற்றைப் பகுத்துணராமல் ஒருமணிநேரம் பெயர்த்துரைத்தால், சபை கலையும்போது மக்கள் கேட்டுச் செல்வது முனிவர் சொன்னதாக இராது.

இப்பணியின் ஒழுக்கத்தையும் வேறெங்கும் தேடவேண்டியதில்லை. சத்திய அணுவிரதத்திற்கு ஐந்து அதிசாரங்களைத் தத்வார்த்த சூத்திரம் கூறுகிறது. தவறானதைக் கற்பித்தல், தனியே நிகழ்ந்ததை வெளியிடுதல், பொய்யாவணம் எழுதுதல், அடைக்கலப் பொருளைக் குறைத்துத் தருதல், பிறர் உள்ளக்கருத்தை அறிந்து பரப்புதல் என்பன அவை. நீதிமன்றத்திலோ மருத்துவர் அறையிலோ நிற்கும் மொழிபெயர்ப்பாளர் கைக்கொள்ளும் நெறி இவற்றினும் வேறன்று. பிறர் சொல்லும் ஓர் அடைக்கலப் பொருளே.

கணினியே பெயர்த்துவிடுகிறதே, இனி இந்தப் படிப்பு எதற்கு என்று கேட்போர் உண்டு. கேள்வியைப் புறக்கணிக்க இயலாது. எளிய கடிதம், விளம்பரம், பயணக் குறிப்பு ஆகியவற்றை இயந்திரம் விரைவில் செய்துவிடும். அவ்வகை வேலையை மட்டும் நம்பி இறங்குவோர்க்கு வருவாய் குறையும். ஆனால் தீர்ப்புகளைத் தாய்மொழிகளில் தர உச்ச நீதிமன்றம் 2019இல் ஒரு மென்பொருளை அறிமுகப்படுத்திய பிறகும், வரைவைப் பார்த்துத் திருத்த மனிதர் தேவைப்படுகின்றனர். பெருவழக்கான பொருளையே இயந்திரம் முதலில் பற்றும். தர்ம திரவியம் பெருவழக்கு அன்று. துறையறிவு உள்ளவர்க்கே இனி இடம் என்பதால், முன்னர்ச் சொன்ன வழியின் தேவை கூடியிருக்கிறதே அன்றிக் குறையவில்லை.

பொன்னூர் மலையில் குந்தகுந்தரின் திருவடிகளை வணங்கி இறங்குவோர் பலர். அவர் எழுதியது பிராகிருதத்தில். அம்மலையின் அடிவாரத்து மக்களுட் பலர் அவர் நூலை அறிவது இந்தி உரை ஒன்றின் வழியாக. அதுவும் யாரேனும் தமிழில் எடுத்துச் சொன்னால்தான். மூலம் ஒருபுறமிருக்க, நிழலின் நிழலைக் கற்க நேர்கிறது. 2024 அக்டோபரில் மத்திய அமைச்சரவை பிராகிருதத்துக்குச் செம்மொழித் தகுதி அளித்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜைனவியல் துறை உள்ளது. லாட்னூனில் உள்ள ஜைன விஸ்வ பாரதியிலும் சிரவணபெளகொளத்திலும் பிராகிருதம் பயிலலாம். பயிலும் இடங்கள் இருக்கின்றன. தமிழ்நாட்டு இல்லங்களிலிருந்து செல்லும் மாணவரைத்தான் தேடவேண்டியிருக்கிறது. பட்டம் பெற்றவுடன் பொருளீட்ட வேண்டும் என்னும் நெருக்கடியே அதற்குக் காரணம். அதற்காகப் பெற்றோரைக் குறைகூறுவது நேர்மையன்று.

ஆகவே இது அறக்கட்டளைகள் ஏற்கவேண்டிய பொறுப்பு. பூசைக்கும் திருப்பணிக்கும் மனமுவந்து வழங்குவோர், ஆண்டுக்கு ஒரே ஒரு மாணவரை, ஆணோ பெண்ணோ, ஐந்தாண்டுகளுக்கு ஏற்றுக்கொள்ளலாம். அவர் விரும்பும் துறையில் இளநிலைப் பட்டமும் அதன்பின் பிராகிருதமோ வடமொழியோ முதுநிலையிலும் பயிலட்டும். விடுமுறைதோறும் ஊருக்கு வரும்போது ஓர் அதிகாரத்தைத் தமிழாக்கிக் கோயில் மண்டபத்தில் படிக்கட்டும். நூலறிந்த முதியவர் இருவரும், நூலறியாத முதியவர் இருவரும் கேட்கட்டும். முன்னவர் பொருளில் பிழை காண்பர். பின்னவர் தமிழில் பிழை காண்பர். மூன்றாம் ஆண்டின் சாதுர்மாசத்தில் முனிவரின் அருகே அவரை அமர்த்திப் பெயர்த்துரைக்கச் செய்யலாம். இவ்வாண்டு பன்னிரண்டாம் வகுப்பு எழுதியோருள் மொழியில் நாட்டமுடையவர் யாரென்று ஊர்வாரியாகக் கேட்டறிவதை, முடிவுகள் வெளிவருமுன் தொடங்கிவிடுதல் நன்று.