எந்தக் கட்சிக்குக் கைதட்டுவது?

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

இந்த மேடையிலே சென்ற ஆண்டு கம்பனைப் பற்றிக் கேட்டோம். அதற்கு முந்திய ஆண்டு சிலம்பின் சுவையை நுகர்ந்தோம். இவ்வாண்டு எங்களைப் பேசப் பணித்த செயலாளர் அவர்களிடம், "கிரிக்கெட்டைப் பற்றிப் பேசலாமா?" என்று கேட்டோம். அவர் சிறிது நேரம் மௌனமாக இருந்துவிட்டு, "அதிலும் தமிழ் இருக்குமல்லவா?" என்றார். இருக்கிறது. தமிழ் மட்டுமல்ல, தெலுங்கும் இருக்கிறது. அதுவே இன்றைய பொருள்.

வேங்கட மலையைத் தமிழ் நிலத்தின் வட எல்லையாகத் தொல்காப்பியத்தின் பாயிரம் காட்டுகிறது என்பதைச் சங்கத்து அன்பர்கள் ஆண்டுதோறும் நினைவூட்டி வருகிறார்கள். நினைவூட்டட்டும். ஆனால், எல்லையிலே வாழ்பவன் பாடு, ஆட்டக் களத்தில் எல்லைக்கோட்டருகே நிற்பவன் பாடு போன்றது. நடுக்களத்தில் நடப்பது அவனுக்குச் சரியாகக் கேட்பதில்லை. பின்னாலிருக்கும் கூட்டத்தின் பேச்சோ நன்றாகக் கேட்கிறது. அவன் பக்கம் பந்து வரும்போது மட்டும் ஊரார் அத்தனை பேரும் அவனையே பார்க்கிறார்கள்.

எங்கள் தந்தையார் 1949ஆம் ஆண்டு வேலூர்ப் பக்கத்திலிருந்து சித்தூருக்கு எழுத்தர் வேலைக்காக வந்தார். அப்போது அது வேற்று மாநிலம் அன்று. சென்னை மாகாணமாக இருந்து, பின்னர்ச் சென்னை மாநிலம் ஆன பரப்பில் சித்தூரும் ஒரு மாவட்டம். 1952ஆம் ஆண்டு பிப்ரவரியில் சேப்பாக்கத்தில் இங்கிலாந்தோடு டெஸ்ட் பந்தயம் நடந்தபோது, தந்தையார் ஒரு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, சித்தூரில் மீட்டர் கேஜ் வண்டி ஏறி, காட்பாடியில் மாறி, சென்னை சென்று பார்த்து வந்தார். இந்தியா தன் வரலாற்றிலேயே முதன்முதலாக வென்ற டெஸ்ட் பந்தயம் அது. வினு மன்காட் இரண்டு இன்னிங்ஸிலுமாகப் பன்னிரண்டு விக்கெட்டுகளை வீழ்த்தினார். பங்கஜ் ராயும் உம்ரிகரும் சதம் அடித்தார்கள். ஆட்டத்தின் நடுவே இங்கிலாந்து மன்னர் ஆறாம் ஜார்ஜ் மறைந்த செய்தி வந்தது. பிப்ரவரி 10ஆம் நாள் இந்தியா இன்னிங்ஸ் வெற்றி பெற்றது.

தந்தையார் பார்த்தது அந்த வெற்றி நாளை அன்று. அதற்கு முன்னரே விடுப்பு முடிந்துவிட்டது. ஆயினும் அந்த நுழைவுச் சீட்டைக் கம்பராமாயணப் புத்தகத்திற்குள் வைத்திருந்தார். சுந்தர காண்டத்தைத் திறந்தால் சீட்டு விழும். நாங்கள் பிள்ளைகள் நால்வரும் அனுமனையும் மன்காடையும் ஏறக்குறைய ஒரே காலத்தில் அறிந்துகொண்டோம்.

அடுத்த ஆண்டு, 1953 அக்டோபர் 1ஆம் நாள், ஆந்திர மாநிலம் பிறந்தது. சித்தூர் மாவட்டம் அதிலே சேர்ந்தது. வடக்கெல்லைக்காக ம.பொ.சி. அவர்கள் நடத்திய கிளர்ச்சியும், 1960 ஏப்ரலில் திருத்தணி சென்னை மாநிலத்தோடு இணைந்ததும் நம் பெரியோர்கள் அறிந்தவை. அதை மீண்டும் வாதிக்க வரவில்லை. நாங்கள் சொல்ல வந்தது ஒன்றுதான். எங்கள் தந்தையார் வீட்டை விட்டு ஓரடியும் நகராமலே, ஒரு நாள் காலையில் வெளிமாநிலத்தார் ஆகிவிட்டார். அந்தப் பருவத்திலேயே, 1953-54இல், ஆந்திர அணி ரஞ்சிக் கோப்பையில் முதன்முதலாக இறங்கியது. ஐம்பத்தெட்டு வயதான சி.கே. நாயுடு அதற்காக மட்டை பிடித்தார். நம் நாட்டின் முதல் டெஸ்ட் தலைவர், இந்தோரின் ஹோல்கர் அணியை ஓங்கச் செய்தவர், பேரப்பிள்ளைகளைக் கொஞ்ச வேண்டிய வயதில் புதிய அணி ஒன்றுக்குக் கால் நாட்ட வந்தார். தந்தையார் இதைப் பத்திரிகையில் படித்துவிட்டு, "பெரிய மனிதர்" என்று மட்டும் சொன்னாராம். "நம் கோஷ்டி" என்று சொல்லவில்லை. அந்நாளில் பத்திரிகைகள் அணியைக் கோஷ்டி என்றே எழுதும்.

மறு பருவத்தில், 1954-55இல், பாலு அழகண்ணன் தலைமையில் சென்னை அணி இந்தோருக்குச் சென்று ஹோல்கரை வென்று ரஞ்சிக் கோப்பையை முதன்முறையாகக் கொணர்ந்தது. கிருபால் சிங் மட்டையாலும் பந்தாலும் பெருந்துணை புரிந்தார். எங்கள் தாயார் அடிக்கடி சொல்வார்: "உங்கள் அப்பா அன்றைக்குச் சிரித்தார். பிறகு திண்ணையில் போய் உட்கார்ந்தார். சாப்பிடக் கூப்பிட்டும் வரவில்லை." இத்தனை ஆண்டு காத்திருந்த அணி, இவரை அடுத்த மாநிலத்துக்கு அனுப்பிவிட்ட பிறகு வென்றதே என்று நினைத்தாரோ என்னவோ. அவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

பின்னர்க் குடும்பம் திருப்பதிக்கு வந்தது. வானொலியில் சென்னை நிலையம் தெளிவாகக் கேட்கும் மூலை ஒன்று வீட்டிலே இருந்தது. பொங்கல் காலத்துச் சேப்பாக்கம் டெஸ்டுகள் எங்கள் வீட்டில் கரும்பைப் போலப் பண்டிகையின் ஓர் உறுப்பு. 1975 ஜனவரியில் விசுவநாத் ஆட்டமிழக்காமல் 97 ஓட்டங்கள் எடுத்தபோது, மூன்று ஓட்டத்திற்காக எங்கள் வீட்டில் வருந்தியதைப் போல் அவர் வீட்டிலும் வருந்தியிருக்க மாட்டார்கள். பிற்காலத்தில் கூத்தபிரான், அப்துல் ஜப்பார் முதலியோர் தமிழிலே வர்ணனை செய்யத் தொடங்கியதும், தந்தையார் கம்பராமாயணத்தை மூடிவைத்துவிட்டுக் கேட்பார். பந்து எல்லையைக் கடப்பதை நல்ல தமிழில் சொல்லக் கேட்பது அவருக்கு ஒரு கச்சேரி.

1988ஆம் ஆண்டு தமிழ்நாடு மீண்டும் இறுதி ஆட்டத்திற்கு வந்தது. எதிரி இரயில்வே அணி, இடம் சேப்பாக்கம். நாங்கள் நால்வரும் திருப்பதியில் சப்தகிரி வண்டியைப் பிடித்துச் சென்றோம். தமிழ்நாடு 709 ஓட்டங்களைக் குவித்தது. வாசுதேவன் தலைமையில் இன்னிங்ஸ் வெற்றி. முப்பத்து மூன்று ஆண்டுகளுக்குப் பின் கோப்பை வந்தது. தொண்டை வறளக் கத்தினோம். பக்கத்து இருக்கையில் ஒரு பெரியவர், "தம்பிகள் எந்த ஊர்?" என்று கேட்டார். "திருப்பதி" என்றோம். "அப்படியா! ஆந்திராக்காரர்கள் நம் அணிக்கு இவ்வளவு கத்துகிறீர்களே" என்று மகிழ்ந்து முதுகில் தட்டிவிட்டு, "லட்டு கொண்டு வந்தீர்களா?" என்றார். நல்ல மனிதர்தாம். ஆனால், அந்த ஒரு சொல் எங்களோடு இரயிலில் திரும்பி வந்தது. திருப்பதியில் இறங்கினால், தெருமுனைக் கடைக்காரர் தெலுங்கில் நம்மை "அரவவாள்ளு" என்பார். அங்கே ஆந்திராக்காரர், இங்கே அரவம். கோப்பையை யார் வீட்டுக்கு எடுத்துச் செல்வது?

அதற்குப் பிறகு தமிழ்நாடு ஆறு முறை இறுதி ஆட்டம் வரை சென்று ஆறு முறையும் தோற்றது. அவற்றை விரிப்பது விழா நாளுக்குப் பொருந்தாது. 2014-15இல் மும்பையில் கருண் நாயர் நமக்கு எதிராக 328 ஓட்டங்கள் எடுத்ததை மட்டும் சொல்லிவிட்டு நகர்கிறோம்.

ஆந்திர அணி எங்களுக்கு எப்போது "நம்" அணி ஆயிற்று என்று கேட்டால், நாளைக்கூடச் சொல்ல முடியும். 2023 பிப்ரவரி, இந்தோரில் மத்தியப் பிரதேசத்தோடு கால் இறுதி. ஆவேஷ் கானின் பந்து பட்டு ஆந்திர அணித் தலைவர் ஹனுமா விஹாரியின் மணிக்கட்டு எலும்பு முறிந்தது. வலக்கையர் அவர். ஒன்பது விக்கெட்டுகள் போன பிறகு, கட்டுப்போட்ட கையை மறைத்துக்கொண்டு, இடக்கையராக நின்று, ஒரு கையாலே மட்டையை வீசினார். முறிந்த கையோடு அடுத்த இன்னிங்ஸிலும் வந்தார். எங்கள் பேத்தி கைபேசியில் அதைக் காட்டியபோது வீடே எழுந்து நின்றது. "மன டீம் தாத்தா!" என்று அவள் தெலுங்கிலே கூவினாள். "ஆமாம், நம் அணி" என்று தமிழில் பதில் சொன்னோம். எழுபது ஆண்டு பிந்திய பதில். ஆந்திரம் தோற்றது. மறு ஆண்டு அதே இந்தோரில், அதே எதிரியிடம், அதே கால் இறுதியில் நான்கு ஓட்டங்களில் தோற்றது. 170 எடுத்தால் வெற்றி; 165இல் முடிந்தது. அன்று இரவு எங்கள் வீட்டில் யாரும் சரியாக உண்ணவில்லை. தந்தையார் திண்ணையில் அமர்ந்ததன் பொருள் அன்றுதான் சற்றே விளங்கியது. ஆந்திரம் இதுவரை ரஞ்சி இறுதி ஆட்டத்தை எட்டியதில்லை. எட்டும் நாளில் எதிரே தமிழ்நாடு நிற்குமானால் என்ன செய்வது என்று எங்கள் வீட்டில் இப்போதே தர்க்கம் நடக்கிறது.

இதிலே ஒரு வேடிக்கையும் உண்டு. ஐ.பி.எல். வந்த பிறகு நம் காலனியின் நிறமே மாறிவிட்டது. 2014இல் மாநிலம் பிரிந்தபோது ஐதராபாத் தெலுங்கானாவுக்குச் சென்றது. ஆந்திரத்திற்கென்று ஓர் ஐ.பி.எல். அணி இல்லை. திருப்பதிக்கு அருகில் உள்ள பெருநகரம் சென்னையே. ஆகவே, நம்மை அரவம் என்ற கடைக்காரரின் மகன் மஞ்சள் சட்டை அணிந்து சென்னைக்குக் கூவுகிறான். 2023 மே மாத இறுதி ஆட்டத்தில், நள்ளிரவு தாண்டி ஜடேஜா கடைசி இரண்டு பந்துகளில் பத்து ஓட்டங்கள் அடித்துச் சென்னை ஐந்தாம் முறை வென்றபோது, காலனியில் தெலுங்கர் வெடித்த பட்டாசு தமிழர் வெடித்ததைவிட அதிகம். அன்று எட்டுப் பந்துகளில் பத்தொன்பது எடுத்து விடைபெற்ற அம்பாட்டி ராயுடு குண்டூரில் பிறந்தவர். அன்றைய தலைவர் தோனியோ ராஞ்சிக்காரர். அந்த அணியிலே சென்னை எங்கே இருக்கிறது என்று கேட்டால் பெயரிலே இருக்கிறது என்றுதான் சொல்ல வேண்டும். பெயர் போதும் என்று கடைக்காரரின் மகன் கருதுகிறான். பெயருக்காகவே எழுபது ஆண்டு ஏங்கிய குடும்பம் அவனை எப்படி மறுக்கும்?

இனி, உங்கள் முன் வைக்க வந்த செய்திக்கு வருகிறோம். எங்கள் பேத்திக்கு வயது பதினாறு. இடக்கைச் சுழற்பந்து வீசுகிறாள். காரணம், நமக்கு அடுத்த கடப்பையைச் சேர்ந்த ஸ்ரீ சரணி. 2025 நவம்பர் 2ஆம் நாள் நவி மும்பையில் தென்னாப்பிரிக்காவை வென்று பெண்கள் உலகக் கோப்பையை இந்தியா முதன்முதலாகக் கைக்கொண்டதே, அந்த அணியில் இருந்த இடக்கைச் சுழல் வீராங்கனை. அவருடைய பந்துவீச்சைப் பார்த்துப் பார்த்து, எங்கள் வீட்டு மொட்டைமாடிச் சுவர் முழுவதும் பந்தின் தழும்புகள்.

சென்னையிலுள்ள உறவினர்கள், "இவளை இங்கே அனுப்புங்கள். இங்கே பள்ளியில் சேர்த்துத் தமிழ்நாட்டுக்காக ஆட வைக்கலாம். தமிழ்ப் பெண் தமிழ்நாட்டுக்கு ஆட வேண்டாமா?" என்று கேட்டார்கள். கேள்வி நியாயமானது. தந்தையாரின் நுழைவுச் சீட்டை எண்ணி எங்கள் மனம் ஒரு கணம் சேப்பாக்கத்துக்கு ஓடியதையும் மறைக்கவில்லை. முடிவை அவளிடமே விட்டோம். இரண்டு நாள் யோசித்தாள். மூன்றாம் நாள் காலையில், "தாத்தா, நான் பந்து போடக் கற்ற மைதானம் இங்கே இருக்கிறது. என்னோடு ஆடுகிறவர்கள் இங்கே இருக்கிறார்கள். நான் எங்கள் மாவட்டத்துக்கே ஆடுகிறேன். நீங்கள் வேண்டுமானால் தமிழில் கைதட்டுங்கள்" என்றாள். தமிழில் கைதட்டுவது எப்படி என்று அவளுடைய பாட்டி இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமாகிச் சித்தூரும் திருப்பதியும் பிரிந்தன. கோடுகள் நம்மைத் தேடி வந்துகொண்டே இருக்கின்றன. ஆனாலும் இந்த மண்டபத்தில் இரண்டு ஊர்க் குடும்பங்களும் ஒரே பந்தியில்தான் உண்கின்றன. நம் சங்கத்துப் பெண்கள் நால்வர் இப்போது கிரிக்கெட் பழகுகிறார்கள். சங்கத்தின் விளையாட்டு விழா இன்னும் எலுமிச்சைக் கரண்டியிலும் இசை நாற்காலியிலும் நிற்கிறது. அவற்றை நிறுத்தச் சொல்லவில்லை. அவற்றில் எங்கள் வீட்டார் பரிசும் பெற்றிருக்கிறார்கள். ஆனால், சங்கத்தின் செலவில் ஒரு வலையும் ஒரு பாய்த் தளமும் அமைத்தால், தெலுங்குப் பிள்ளைகளும் வந்து பழகுவார்கள். செயற்குழு இதைக் கருத வேண்டுகிறோம்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு, பல்கலைக்கழகப் பக்கத்து மைதானத்தில் பெண்களுக்குத் தேர்வு ஆட்டம் நடக்கிறது. எங்கள் பேத்தி பந்து வீசுகிறாள். எங்கள் வண்டியில் மூன்று பேருக்கு இடம் உண்டு. வர விரும்புவோர் விருந்து முடிந்ததும் பெயர் கொடுக்கலாம். அங்கே நிழல் கிடையாது. குடையும் தண்ணீரும் கொண்டு வாருங்கள்.