பாட்டு நடக்கும் பாதை

(பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தை பிறந்தால் சாணார்பட்டிக்கு உறக்கம் குறையும். நத்தத்திலிருந்து திண்டுக்கல் செல்லும் சாலையில், இரவென்றும் பகலென்றும் பாராமல் பாதயாத்திரைக் கூட்டம் நடந்துகொண்டே இருக்கும். திண்டுக்கல்லைக் கடந்து இன்னும் 60 கிலோமீட்டர் அளவு சென்றால்தான் பழனி. கால் கொப்பளித்தவரையும் நடத்திச் செல்வது பாட்டு. ஒருவர் அடி எடுத்துக் கொடுக்க, ஐம்பது குரல்கள் வாங்கிக்கொள்ளும். வாசலில் தண்ணீர்ப் பானை வைத்துவிட்டு உள்ளே போய்ப் படுப்பவர்களுக்கு அது பழகிப்போன ஓசை. எத்தனை பேர் எழுந்து உட்கார்ந்து கேட்டிருப்பர்?

இந்த ஓசையின் உறவைத் தேடிக் கடல் கடந்து வந்த ஒரு பாடகியின் வாழ்க்கையே இன்றைய பொருள். அவர் பெயர் சுசீலா ராமன். பாட்டெழுதிப் பாடுபவர், ராக் இசையில் வளர்ந்தவர். திரையிசையின் துணை நாடாமல் தனக்கென ஒரு குழுவோடு மேடை ஏறுபவர்.

தஞ்சாவூரைப் பூர்வீகமாகக் கொண்ட தமிழ்க் குடும்பம். பெற்றோர் 1960களில் இலண்டன் சென்று குடியேறினர். சுசீலா அங்கே 1973ஆம் ஆண்டு பிறந்தார். நான்கு வயதில் குடும்பம் ஆஸ்திரேலியாவுக்குப் பெயர்ந்தது. சிட்னியில் அவருக்குக் கிடைத்த முதற்கல்வி கருநாடக இசை. புலம்பெயர்ந்த வீடுகளில் பிள்ளைக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுப்பது கலைக்காக மட்டும் நிகழ்வதன்று. ஊரை வீட்டுக்குள் வைத்துக்கொள்ளும் முயற்சியும் அதில் உண்டு. சிறுமியாக இருந்தபோதே அவர் கச்சேரி செய்யத் தொடங்கினார்.

பதின்பருவத்தில் அந்த வீட்டைவிட்டுக் குரல் வெளியேறியது. ராக் இசைக்குழு ஒன்றைத் தொடங்கினார். பின்னர் புளூஸ், ஜாஸ் வழிகளில் சென்றார். குரலை வேறு விதமாகப் பழக்க வேண்டியிருந்தது. கருநாடக இசையில் குரல் கமகத்தோடு ஸ்வரத்தைச் சுற்றி வரும். புளூஸிலோ உடைவதும் கரகரப்பதும் பாவத்தின் பகுதிகள். ஒன்றில் பிழையெனத் திருத்தப்படுவது மற்றொன்றில் உயிராகக் கொள்ளப்படுகிறது. இரண்டையும் ஒரே தொண்டையில் வைத்திருப்பவருக்கு எது தன் குரல் என்ற கேள்வி எழாமல் இராது.

அக்கேள்வியோடு 1995இல் இந்தியா வந்தார். இந்துஸ்தானி இசை மேதை ஸ்ருதி சடோலிகரிடம் பயின்றார். 1997இல் இங்கிலாந்து திரும்பினார். வங்கத்துப் பவுல் பாடகர் பபன் தாஸோடு 'ரியல் ஷுகர்' என்னும் தொகுப்பைப் படைத்த கிதார்க் கலைஞர் சாம் மில்ஸ் அவருக்குத் துணையானார். இசையிலும் பின்னர் வாழ்விலும்.

2001இல் வெளிவந்தது 'சால்ட் ரெயின்', அவருடைய முதல் தொகுப்பு. தியாகராசர், முத்துசுவாமி தீட்சிதர் ஆகியோரின் கீர்த்தனைகளும் அவரே ஆக்கிய ஆங்கிலப் பாடல்களும் அதில் அருகருகே அமர்ந்தன. பிரித்தானியாவின் மெர்க்குரி பரிசுக்கான இறுதிப் பட்டியலில் ரேடியோஹெட் போன்ற பெரும் ராக் குழுக்களோடு சுசீலாவின் தொகுப்பும் இடம்பெற்றது. அமெரிக்காவின் இரட்டைக் கோபுரங்கள் வீழ்ந்த 2001 செப்டம்பர் 11ஆம் நாளின் மாலையிலேதான் அப்பரிசு அறிவிக்கப்பட்டது. பி.ஜே. ஹார்வி பரிசைப் பெற்றார். அடுத்த ஆண்டு பி.பி.சி. மூன்றாம் வானொலியின் உலக இசை விருதுகளில் சிறந்த புதுமுகமாகச் சுசீலா தேர்ந்தெடுக்கப்பட்டார்.

கீர்த்தனைக்குக் கிதார் ஆகுமா என்று கேட்போர் உண்டு. விடையைத் தீட்சிதரிடமே கேட்கலாம். ஆங்கிலேயரின் பாண்டு வாத்திய மெட்டுகளைக் கேட்டு, அவற்றுக்கு வடமொழியில் சாகித்தியம் அமைத்தவர் அவர். நோட்டுஸ்வர சாகித்தியங்கள் எனப்படும் அவற்றுள் ஒன்று ஆங்கிலேய மன்னரை வாழ்த்தும் கீதத்தின் மெட்டிலேயே அமைந்தது. அவருடைய தம்பி பாலுசுவாமி ஐரோப்பியரின் வயலினைக் கற்றுக் கருநாடக இசைக்குக் கொண்டுவந்தார். அந்நியக் கருவியாக வந்த வயலின் இல்லாமல் இன்று கச்சேரி ஏது? மரபு என்று இன்று காக்கப்படுவதில் ஒரு பகுதி, அன்று துணிந்து ஏற்றுக்கொள்ளப்பட்டது.

சுசீலாவின் பயணத்தில் கவனிக்கத்தக்க வேறொன்று உண்டு. முதல் தொகுப்பில் மரபிலிருந்து அவர் எடுத்தவை பெரும்பாலும் தெலுங்கு, வடமொழிப் பாடல்கள். தமிழ்க் குடும்பத்துப் பெண்ணுக்குக் கச்சேரி மேடை கொடுத்தது அதைத்தான். தமிழ் வலுவாக வந்து சேர்ந்தது பின்னரே. 2003இல் 'லவ் ட்ராப்' வெளிவந்தது. 2005இல் வந்த 'மியூசிக் ஃபார் க்ரோக்கடைல்ஸ்' தொகுப்பின் ஒரு பகுதி சென்னையில் பதிவு செய்யப்பட்டது. 2007இல் '33 1/3' என்னும் தொகுப்பில் பாப் டிலன், ஜிமி ஹென்ட்ரிக்ஸ் முதலியோரின் பாடல்களைத் தன் குரலில் மறுபடைப்புச் செய்தார். பிறகு மீண்டும் தமிழ்நாட்டின் பக்கம் திரும்பினார். இம்முறை அவர் செவி சென்றது சபா மேடைக்கு வெளியே, முருகனைக் கூட்டமாகக் கூடி ஆவேசத்தோடு பாடுவோரிடம். 2011இல் வெளிவந்த தொகுப்புக்கு அவர் இட்ட பெயர் 'வேல்'.

ராக் பாடகி ஒருவரை முருகன் பாட்டு ஈர்த்தது ஏன்? விடை சந்தத்தில் இருக்கிறது. அருணகிரிநாதரின் திருப்புகழில் பொருள் விளங்கும் முன்பே தாளம் உடம்பில் ஏறிவிடும். வல்லினமும் மெல்லினமும் மாறி மாறி விழும் அடைவு, கேட்பவர் காலைத் தானே அசைக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கழுகுமலை முருகன் மீது காவடிச்சிந்து இயற்றிய அண்ணாமலை ரெட்டியார், காவடி எடுத்து நடப்போர் காலடியையே யாப்பாக்கினார். திரும்பத் திரும்ப வரும் ஒரு தாளக்கட்டு, அதன்மேல் ஏறிக்கொண்டே போகும் குரல், இறுதியில் கூட்டத்தையே தன்வயமிழக்கச் செய்யும் உச்சம்: ராக் இசை நாடும் நிலையும் இதுவே. சிட்னியில் அவர் தேடிச் சென்றதும் சிட்னிக்கு வருமுன் குடும்பம் விட்டு வந்ததும் ஓரிடத்தில் சந்தித்தன.

அதன்பின் 2014இல் இராசத்தான் நாட்டுப்புறக் கலைஞர்களோடும் பாகிஸ்தானின் கவ்வாலிப் பாடகர்களோடும் இணைந்து 'குயின் பிட்வீன்' தொகுப்பையும், 2018இல் சாவகத்தின் கேமலான் இசைக் கலைஞர்களோடு 'கோஸ்ட் கேமலான்' தொகுப்பையும் தந்தார். ஓரிடத்தில் நிலைகொள்ளாத குரல் அது.

இனி, மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் உரை முழுமையாகாது. பாரிசிலோ இலண்டனிலோ அவர் பாடும் அரங்கில் அமர்ந்திருப்போரில் பெரும்பாலோர்க்குத் தமிழ் தெரியாது. அவர்கள் கேட்பது ஓசை. சொல் அங்கே பொருளை இழந்து ஒரு வாத்தியமாகி நிற்கிறது. அயல்மண்ணில் வளர்ந்த நாவில் தமிழ் ஒலிகள் சில இடங்களில் நெகிழவும் செய்கின்றன. ஓசையைக் காப்பாற்றியவர் பொருளை வழியில் நழுவவிடுகிறார் என்று ஒரு தமிழாசிரியர் குறைபட்டால், அக்குறையில் நியாயம் இல்லாமலில்லை.

ஆயினும் அந்நியாயத்தை இந்த அவை தன்பக்கமும் திருப்பிப் பார்க்க வேண்டும். சுசீலா தன் சொந்த மனத்தைச் சொல்ல எழுதும் பாடல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் உள்ளன. தமிழ் என்று வரும்போது அவர் கை நீள்வது பழைய பக்திப் பாடலை நோக்கியே. தமிழ்க் குரல் ஒன்றின் இன்றைய துயருக்கும் இன்றைய காதலுக்கும் தமிழ்ச் சொல் ஏன் எளிதில் கிட்டவில்லை? புதுக்கவிதை யாப்பின் விலங்கை உடைத்தது. அதனால் தமிழ் பெற்றவை பல. உடைத்த வேகத்தில் பாட்டையும் வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டது. கவிதை கண்ணுக்கு உரியதாயிற்று. பாட்டு திரைக்கு உரியதாயிற்று. இடையே, தன் மெட்டுக்குத் தானே சொல் தேடும் ஒரு தனிக்குரலுக்குத் தருவதற்குக் கவிஞரிடம் என்ன இருக்கிறது?

பத்தாண்டுகளாக இங்கே கவிதைகள் வாசிக்கப்பட்டிருக்கின்றன, விவாதிக்கப்பட்டிருக்கின்றன, அச்சேறியும் இருக்கின்றன. அது சிறு பணியன்று. பதினோராம் ஆண்டில் ஒன்று கூடுதலாகச் செய்யலாம். கூட்டத்துக்கு ஒரு கவிதையேனும் பாடுவதற்கென எழுதப்படட்டும். எழுதியவரே உரக்கப் பாடிக் காட்டட்டும். குரல் நடுங்கினால் நடுங்கட்டும். எந்தச் சொல் தொண்டையில் நிற்கிறது, எது காகிதத்தில் மட்டுமே நிற்கிறது என்பதை அப்போது அவரே அறிவார்.

உலகின் மறுகோடியில் பிறந்த ஒரு பெண், தான் இழந்தது எது என்றறியாமலே அதைத் தேடி வந்தார். அது இவ்வூர்ச் சாலையில் தை மாதந்தோறும் நடந்துபோகிறது. அடுத்த தையில் அக்கூட்டம் கடக்கும் இரவில், தண்ணீர்ப் பானை வைத்த கையோடு சற்று நின்று கேட்போர் இவ்வட்டத்தில் சிலரேனும் இருப்பார்களாயின், இந்த உரை தன் பயனை எய்தியதாகும்.