டிராக்டர் எஞ்சினில் திடீர் எண்ணெய்க் கசிவு
(தாடிக்கொம்பு உழவர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

குடகனாற்றுப் பக்கம் உழவு மும்முரமாக நடக்கும் நாளில் டிராக்டருக்கு அடியில் எண்ணெய் சொட்டினால் எஞ்சினை உடனே நிறுத்துங்கள். ஆயில் பிரஷர் விளக்கு எரிந்தால் ஒரு சால்கூட ஓட்டலாகாது, பேரிங் பிடித்துக்கொள்ளும்.

பத்து நிமிடம் கழித்து, சமதளத்தில் நிறுத்தி, டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். மட்டம் ஏறி டீசல் வாடை அடித்தால் டீசல் உள்ளே இறங்குகிறது. பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்துள்ளது. இரண்டிலும் எஞ்சினை ஓட்டக்கூடாது.

மட்டம் மட்டும் குறைந்திருந்தால் வெளிப்புறத்தைத் துடைத்து, எண்ணெய் நிரப்பி, சற்று ஓடவிட்டு, ஈரம் தோன்றும் மிக உயரமான இடத்தைத் தேடுங்கள். எண்ணெய் வழிந்திறங்குவதால், சொட்டும் இடம் கசியும் இடமாக இராது. அண்மையில் ஃபில்டர் மாற்றியிருந்தால், பழைய ரப்பர் வளையம் அங்கேயே ஒட்டியிருக்கலாம். பல இடங்களில் ஒருசேரக் கசிந்தால், சீல்களுக்குச் செலவழிக்குமுன் பிரீதர் குழாயில் புழுதி அடைத்துள்ளதா என்று பாருங்கள்.