கழுத்தை நீட்டும் காவல்காரர்

ஆவடி, பூந்தமல்லிப் பக்கத் தோட்டங்களில் வளரும் வெள்ளை கூஸ் வாத்தை அன்னம் என்று நினைப்பவர்கள் உண்டு. இரண்டும் நெருங்கிய உறவு. கோபமும் அப்படியே!

பெட்டை அடைகாக்கும் சுமார் 30 நாளும், ஆணின் கண்ணுக்கு எதிரே வருபவரெல்லாம் திருடர்தான், பால் பாக்கெட் போட வந்தவர் உட்பட. கழுத்தை நீட்டிச் சீறிக்கொண்டு வரும்.

இங்கிலாந்தில், கேம்பிரிட்ஜின் கேம் ஆற்றில் ஓர் அன்னம் படகோட்டிகளை விரட்டி விரட்டித் தாக்கியது. ‘மிஸ்டர் ஆஸ்போ’ என்று அதற்குப் பட்டப்பெயர். கடைசியில், 2012-ல், அதைப் பிடித்துத் தொலைவில் கொண்டுபோய் விட்டார்கள். கிட்டத்தட்ட நாடு கடத்தல்!

வாத்தோ அன்னமோ இப்படிச் சீறி வந்தால் ஓடக் கூடாது; ஓடினால் துரத்தும். அதைப் பார்த்தபடியே, கைகளை அகல விரித்து மெல்லப் பின்வாங்க வேண்டும். குடை இருந்தால் விரிக்கலாம். கல்லெறிய வேண்டாம். நாம் கூட்டைவிட்டு விலகினாலே பெரும்பாலும் அது திரும்பிவிடும்.