ஒற்றர் காத்த வரலாறு



மேடையின் ஓரத்தில், விளக்குக் கம்பத்தின் அடியில், குறிப்பேடும் கையுமாக அமர்ந்திருப்பாரே ஒரு நண்பர், அவரை நீங்கள் அறிவீர்கள். கைதட்டமாட்டார். சிரிக்கமாட்டார். சிரிப்பு வந்தாலும் அடக்கிக் கொள்வார். உத்தியோகம் அப்படி! நம் பேச்சில் நான்கு வரியை நம் ஏடே விட்டுவிடும், அவர் விடமாட்டார். இன்று குறிப்பேட்டுக்குப் பதில் கைப்பேசியை நீட்டுகிறார், அவ்வளவுதான் மாற்றம். அவரைக் கேலி பேசியே பழகிய நான், இன்று அவருக்கு நன்றி கூறப் போகிறேன். காரணம், இங்கிலாந்து நாட்டு வரலாற்று ஆய்வு ஒன்று.

கல்லூரிப் படிப்பைப் பாதியிலே விட்டவன், பல்கலைக் கழகத்து ஆய்வைப் பற்றிப் பேச வந்துவிட்டானே என்பீர்கள். நான் கூறப்போகும் ஆய்வு பிறந்ததே பல்கலைக் கழகத்தின் புறவாசலிலேதான், தோழர்களே!

1948ஆம் ஆண்டு, லீட்ஸ் பல்கலைக் கழகத்தின் புறநிலைக் கல்விப் பிரிவில் ஆசிரியராகச் சேர்ந்தார் எட்வர்ட் தாம்சன் என்னும் இளைஞர். வயது இருபத்து நான்கு. இத்தாலியப் போர்க்களத்திலே டாங்கிப் படையை நடத்தியவர்; முனைவர் பட்டம் பெறாதவர். அவருடைய தந்தையார் வங்கத்துப் பாங்குராவிலே கல்லூரி ஆசிரியராக இருந்து, தாகூரைப் பற்றி நூல் எழுதியவர். யார்க்ஷயரின் கம்பளி நெசவூர்களிலே, பகலெல்லாம் பாடுபட்டு மாலையிலே வந்தமர்ந்த ஆண்களும் பெண்களும்தான் மகனுக்கு வாய்த்த மாணவர்கள். அவர்களிடம் தாம் கற்றுக்கொண்டது மிகுதி என்று, தம் பெருநூலின் முன்னுரையிலேயே ஒப்புக்கொண்டார் அந்த ஆசிரியர். எத்தனை பேராசிரியர்களுக்கு வரும் அந்த மனம்?

1956இல், ஹங்கேரியிலே சோவியத் படை புகுந்த ஆண்டில், அவர் தம் கட்சியை விட்டு வெளியேறினார். மாலை வகுப்பை விட்டு வெளியேறவில்லை. 1963இல் வெளிவந்தது, இங்கிலாந்துத் தொழிலாளி வர்க்கத்தின் உருவாக்கத்தை எடுத்துரைக்கும் அவருடைய நூல். எண்ணூறு பக்கங்களுக்கு மேல்! நீராவி எந்திரம் புகையைக் கக்கியது போலவே தொழிலாளி வர்க்கத்தையும் கக்கிற்று என்று எண்ணியிருந்தோர்க்கு, 'இல்லை, அந்த மக்கள் தம்மைத் தாமே உருவாக்கிக் கொண்டனர்' என்று காட்டிற்று அந்நூல்.

எங்கே தொடங்குகிறார் தெரியுமா? அரண்மனையிலே அல்ல, ஆலையிலே கூட அல்ல. லண்டன் மாநகரிலே, ஸ்ட்ராண்ட் வீதியை அடுத்த ஒரு மதுக்கடையிலே! 1792 சனவரித் திங்கள். உழைத்துக் களைத்த ஒன்பது பேர், ரொட்டியும் பாலாடைக் கட்டியும் உண்டு, புகைக்குழாயைப் பற்றவைத்து, ஒரு கேள்வியை எழுப்பினர். 'நம்மைப் போன்ற கைத்தொழிலாளர்க்கும் கடைக்காரர்க்கும் நாடாளுமன்றத்தைச் சீர்திருத்தக் கோரும் உரிமை உண்டா?' குடியிருக்க ஆளில்லாத பழைய சாரம் என்ற மேட்டுக்கு இரண்டு உறுப்பினர். மக்கள் பெருகிக் கிடந்த மான்செஸ்டருக்கு ஒருவரும் இல்லை என்றிருந்த காலம் அது. ஐந்து இரவு விவாதித்தனர். உண்டு என்று முடிவு கட்டினர். எட்டுப் பேர் ஆளுக்கொரு பென்னி வைத்தனர். கழகத்தின் கருவூலம், எட்டே பென்னி! உறுப்பினர் எண்ணிக்கைக்கு வரம்பு கிடையாது என்பது அவர்கள் வகுத்த விதி. அந்த ஒரு விதிதான் ஆளவந்தாரை அச்சுறுத்திற்று. கனவான்கள் கூடி அரசியல் பேசலாம், அது பொழுதுபோக்கு. கணக்கற்றோர் கூடினால்?

செயலாளர் தாமஸ் ஹார்டி, செருப்புத் தைப்பவர். 1794 மே 12ஆம் நாள் விடியற்காலை, அரசின் ஆட்கள் வீடு புகுந்தனர். நிறைமாதத்தை நோக்கி நடந்துகொண்டிருந்த மனைவி லிடியா படுக்கையிலிருந்து பார்த்திருக்க, பெட்டிகளை உடைத்துக் கடிதங்களை மூட்டை கட்டினர். தலைமை அமைச்சர் பிட் அமர்ந்திருந்த அவையிலே விசாரணை. பிறகு லண்டன் கோபுரச் சிறை. கடற்போர் வெற்றியைக் கொண்டாடக் கிளம்பிய கும்பலொன்று, சூன் திங்களில் ஹார்டியின் வீட்டைத் தாக்கியது. பின்புறத்துச் சிறு சாளரத்தின் வழியே தப்பினார் லிடியா, உடல் நலிந்தது. ஆகஸ்ட் 27ஆம் நாள் பிரசவத்திலே மாண்டார், குழந்தையும் பிழைக்கவில்லை. சிறையிலிருந்த கணவனுக்கு அவர் எழுதத் தொடங்கிய கடிதம் பாதியிலே நின்றது.

குற்றச்சாட்டோ அரசத் துரோகம். தண்டனை, தூக்கிலிட்டு உடலைக் கூறுபோடுதல். வழக்கறிஞர் எர்ஸ்கின் வாதாடினார். நவம்பர் 5ஆம் நாள், 'குற்றமற்றவர்' என்றனர் நடுவர் குழுவினர். ஹார்டி அமர்ந்த வண்டியைத் தேரிழுப்பது போல் இழுத்துச் சென்றனர் லண்டன் மக்கள். வரவேற்க மனைவி இல்லை. நாடகம் எழுதுகிறவன் நான். கற்பனையில் இதை எழுதியிருந்தால், மிகை என்று நீங்களே தள்ளியிருப்பீர்கள்.

இவ்வளவும் தாம்சனுக்கு எப்படித் தெரிந்தது? ஹார்டி தம் வரலாற்றைத் தாமே எழுதி வைத்தார். பிரான்சிஸ் பிளேஸ் என்ற தையற்காரர், கிடைத்த தாளையெல்லாம் கட்டுக்கட்டாகச் சேர்த்து வைத்தார். மற்றவை? ஒற்றர் தந்தவை! கூட்டத்தில் கலந்து, கைதூக்கி ஓட்டளித்து, இரவோடிரவாக அரசுக்கு அறிக்கை அனுப்பியோர் எழுதியவை. ஹார்டிக்கு எதிராகச் சாட்சிக் கூண்டேறிய லைனம் என்ற இரும்புக் கடைக்காரர் அவர்களில் ஒருவர். கழகத்தை 1799இல் பெயர் குறித்தே சட்டமியற்றித் தடை செய்தது அரசு. ஆனால் கழகத்தை அழிக்கத் திரட்டிய தாள்களை அழிக்கவில்லை. அவை இன்றும் லண்டன் மாநகரின் கியூவிலே, தேசிய ஆவணக் காப்பகத்திலே இருக்கின்றன.

ஒற்றன் எழுதியதெல்லாம் உண்மையா? அன்று! கூலிக்கு எழுதுகிறவன், கூலிக்கேற்பப் பெருக்கி எழுதுவான். 1817இல் ஆலிவர் என்றொருவன், லண்டனே திரண்டு நிற்கிறது என்று ஊர் ஊராகப் பொய்யுரைத்து ஏழை உழைப்பாளரைத் தூண்டினான். அவன் ஒற்றன் என்பதை லீட்ஸ் மெர்க்குரி ஏடு அம்பலப்படுத்தியது. எனினும் பெண்ட்ரிச் கிளர்ச்சியினர் மூவர் டார்பியிலே தூக்கிலேறினர். ஆகவே எதிரியின் தாளை எதிரியின் தாளாகவே படிக்க வேண்டும். யார் எழுதினான், எவனுக்கு எழுதினான், என்ன எதிர்பார்த்தான் என்று ஒவ்வொரு வரியையும் துருவவேண்டும் என்றார் தாம்சன். அந்தத் துருவல்தான் ஆய்வு.

குறையில்லாத நூல் அல்ல அது. பெண்கள் அதிலே முழு உருவம் பெறவில்லை என்று அமெரிக்க வரலாற்றாசிரியர் ஜோன் ஸ்காட் கடுமையாகவே எடுத்துக் காட்டினார். எனக்கும் அது பெருங்குறையே. ஏனெனில், அன்று விடியலில் கட்டிய மூட்டையிலே லிடியாவின் கடிதமும் இருந்தது! 1792 ஏப்ரலில் செஷாம் என்ற ஊரிலிருந்து கணவனுக்கு எழுதியது. அடிமை வாணிபத்தின் மீது கொண்ட வெறுப்பால் அவ்வூரிலே பலர் சர்க்கரையின்றித் தேநீர் அருந்துவதை எழுதுகிறார். கழகம் எப்படி நடக்கிறது என்று கேட்கிறார். வாசா நலமா என்றும் கேட்கிறார். வாசா யார்? அடிமையாய் விற்கப்பட்டு, தன் விலையைத் தானே கொடுத்து விடுதலை பெற்று, 1789இல் தன் வரலாற்றை நூலாக்கிய இக்குவியானோ! ஹார்டியின் வீட்டிலே தங்கியவர், கழக உறுப்பினர். செருப்புத் தைப்பவர் வீட்டு அடுப்படியிலே, வாக்குரிமையும் அடிமை விடுதலையும் ஒரே மேசையில் அமர்ந்து பேசியிருக்கின்றன. பின்வந்த ஆய்வாளர்கள் அந்தக் கடிதத்தைத் தேடிப் படித்த பிறகே, கதையின் மறுபாதி துலங்கிற்று.

இனி நம் வீட்டுக்கு வருவோம். நம் மேடைப் பேச்சுக்குக் காவல் துறையிலே கோப்பு இருக்கும். நம் கிளைகளின் தீர்மான நோட்டு எங்கே? படிப்பகங்களின் வருகைப் பதிவேடு எங்கே? சென்ற மாதம் ஒரு கிளைச் செயலாளர் வீட்டுப் பரணிலே தேடினேன். நோட்டின் அட்டை இருந்தது. உள்ளே கரையான் மண் இருந்தது. அவரைக் கடிந்து பயனில்லை. என் நாடகக் கைப்படிகளையே நான் காத்தவனல்லன்.

ஒன்றிய அலுவலகத்திலே ஓர் இரும்புப் பீரோவைக் காலி செய்து வைத்திருக்கிறோம். அடுத்த ஞாயிறு காலை பத்து மணிக்குத் திறந்திருக்கும். நோட்டு, ரசீது, துண்டறிக்கை, சிறையிலிருந்து எழுதிய கடிதம், எது இருந்தாலும் கொண்டு வாருங்கள். மகளிர் மன்றத்துத் தாள்களை முதலில் கொண்டு வாருங்கள். மேல் தட்டு அவற்றுக்காகவே ஒதுக்கியது.