சின்னக் காரின் தலைமுறைகள்

மொழிபெயர்ப்பைப் பிழைப்பாகக் கொண்டவர்களுக்குச் சில சொற்கள் ஓயாத தொல்லை தருவன. அண்மையில் பெங்களூரில் நாம் பணிபுரியும் மத்திய அரசு அலுவலகத்தில், நம் மேசைக்கு வந்த ஒரு தாளில், ஒரு சிறிய காரின் ‘மூன்றாம் தலைமுறை’ என்று பொருள்படும் தொடர் காணப்பட்டது. தலைமுறை என்றால் நமக்குப் பாட்டன், தந்தை, மகன். இடையில் 25 அல்லது 30 ஆண்டுகள். கார் செய்வோருக்கோ அது நாலைந்து ஆண்டுகளில் முடிந்துவிடும் காரியம். வேறு சொல் அகப்படாமல் அதையே எழுதிவிட்டு வீடு திரும்பினோம். வாசலில் எங்கள் தந்தையார் வாங்கிய மாருதி 800 நின்றுகொண்டிருந்தது. அதன் குலவரலாற்றை எண்ணிப் பார்த்தபோது, நம்முடைய தலைமுறைக் கணக்கும் கார்க்காரர்களின் கணக்கும் அதில் ஒன்றாகிவிட்ட விந்தை புலப்பட்டது.

நடுத்தரக் குடும்பத்தின் கைக்கு எட்டும் விலையில் ஒரு கார் வேண்டும் என்ற பேச்சு இந்நாட்டில் மிகப் பழையது. 1950-களின் இறுதியிலேயே எல்.கே. ஜா தலைமையில் அமைந்த குழு அதனைப் பரிந்துரைத்தது. பரிந்துரை ஏட்டில் இருந்தது. சாலையில் அம்பாசடரும், பியட்டும், நம் சென்னையில் செய்யப்பட்ட ஸ்டாண்டர்டு ஹெரால்டும் ஓடின. பணம் இருந்தவர்களும் பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். பெங்களூரும் தன் பங்குக்கு முயன்றதுண்டு. 1970-களில் இங்கு ‘பாதல்’ என்ற மூன்று சக்கரக் கார் செய்யப்பட்டது. அதன் வழியில் வந்த சிபானி நிறுவனம் 1980-களில் ‘டால்பின்’ என்ற சிறு காரைக் கொணர்ந்தது. இங்கிலாந்து நாட்டு ரிலையண்ட் கிட்டனின் மறு உரு அது. தகர உடலுக்கு மாறாகக் கண்ணாடியிழை உடல் கொண்டது. இன்று அதை அறிந்தவர்களைத் தேடித்தான் பிடிக்கவேண்டும். அதை நகைப்பவர்களோடு நாம் சேரமாட்டோம். ஒரு சிறு தொழிற்சாலை துணிந்த அளவுகூட அந்நாளில் பெரிய தொழிற்சாலைகள் துணியவில்லை.

மாருதியின் பிறப்பும் எளிதாக நிகழ்ந்ததன்று. 1971-இல் சஞ்சய் காந்தி தொடங்கிய நிறுவனம் காரை மக்களிடம் கொண்டுசேர்க்காமலே மூடப்பட்டது. அரசு அதனை ஏற்று 1981-இல் மாருதி உத்யோக் என்று புதிதாக அமைத்தது. அதனைத் தொடக்ககாலத்தில் நடத்தியவர் வி. கிருஷ்ணமூர்த்தி, கருவேலி என்னும் தமிழ்நாட்டுச் சிற்றூரில் பிறந்து, பாரத மிகுமின் நிறுவனத்தை முன்பு தலைமை ஏற்று நடத்தியவர். 1982 அக்டோபரில் ஜப்பானின் சுசுகியோடு ஒப்பந்தம் ஆயிற்று. காரைப் பார்ப்பதற்கு முன்பே ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர் பணம் கட்டிப் பதிவு செய்தார்கள். 1983 டிசம்பர் 14-ஆம் நாள், முதல் காரின் சாவியை இந்தியன் ஏர்லைன்ஸ் ஊழியர் ஒருவரிடம் பிரதமர் இந்திரா காந்தி வழங்கினார்.

அந்த முதற்கார், ஜப்பானில் 1979-இல் வெளிவந்த ஆல்டோவின் முதல் தலைமுறையைச் சேர்ந்தது. மூன்று உருளைகள், 796 கன சென்டிமீட்டர் எஞ்சின், நாற்பதுக்கும் குறைந்த குதிரைத்திறன். அம்பாசடரில் எஞ்சின் முன்னே இருக்க, பின்சக்கரங்களைச் சுழற்ற நீண்ட தண்டு ஒன்று வண்டியின் அடியில் ஓடும். இதிலோ எஞ்சினும் முன்னே, இழுக்கும் சக்கரங்களும் முன்னே, தண்டுக்கு வேலையில்லை. வெளியே சிறிதாகவும் உள்ளே ஓரளவு தாராளமாகவும் அது அமைந்ததன் சூட்சுமம் இதுவே. 1986-இல் இரண்டாம் தலைமுறை உடல் வந்தது. நீளம் ஒரு சாணுக்கும் குறைவாகவே கூடிற்று. ஆயினும் பின்னிருக்கையில் இருப்பவர்களின் முழங்கால்களுக்கு அது பெரிய கொடை.

இனிமேல்தான் கணக்கு விசித்திரமாகிறது. இந்த இரண்டாம் உடல் ஜப்பானில் 1984-இல் பிறந்து 1988-இல் ஓய்வு பெற்றது. இந்தியாவிலோ 2014 ஜனவரி வரை அதையே செய்தார்கள். அங்கு நான்கு ஆண்டு. இங்கு 28 ஆண்டு. பாகிஸ்தானில் ‘மெஹ்ரான்’ என்ற பெயரில் அதே உடல் 2019 வரை வாழ்ந்தது. நம்மவர் அதைக் கைவிடும் வேளையில் ஜப்பானிய ஆல்டோ ஏழாம் தலைமுறையில் இருந்தது. அவ்வாண்டு இறுதியில் எட்டாவதும் பிறந்தது.

ஏன் இப்படி? போட்டியில்லாத காலத்தில் மாற்றவேண்டிய கட்டாயம் இல்லை என்பது ஒரு விடை. அது பாதிதான் உண்மை. தகட்டை அழுத்தி உருவாக்கும் அச்சுகளின் விலை பல லட்சம் கார்களின்மீது பரவிவிட்டபின், அதே உருவைத் தொடர்ந்து செய்வது மலிவு. மாற்றினால் விலை ஏறும். மற்றப் பாதி, தெருவில் இருந்தது. ஜே.சி. சாலையில் அதன் உதிரிப்பாகம் கிடைக்காத கடை இல்லை. சிவாஜிநகரில் எங்கள் காரைப் பழுதுபார்த்த தமிழர் ஒருவர், விளக்கு இல்லாமலே கையைவிட்டு அதன் திருகாணிகளைக் கழற்றுவார். ஓர் உடல் மாறாமல் இருந்தால் ஆயிரம் கைகள் அதைக் கற்றுவிடுகின்றன. டால்பினுக்கு வாய்க்காதது இதுதான்.

எங்கள் தந்தையார் அதை வாங்கியது 1998-இல். ஐந்தாண்டு ஓடிய பழைய கார். அவ்வாண்டுதான் சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சான்ட்ரோவும், புனேயிலிருந்து இண்டிகாவும் வந்தன. புதியவை வந்ததும் பழையவற்றின் விலை இறங்கியது. குமாஸ்தா சம்பளக்காரரும் கை நீட்டத் துணிந்தார். பொங்கலுக்குச் சேலம் செல்லும்போது அதில் அறுவர் அமர்வோம். மேலே கம்பித் தாங்கியில் பெட்டிகள், மடியில் முறுக்கு டின். தொப்பூர்க் கணவாயிலிருந்து திரும்பி ஏறும்போது பாட்டுப்பெட்டியையும் நிறுத்திவிடுவார். ‘அதற்கும் எஞ்சினுக்கும் சம்பந்தமில்லை, அப்பா’ என்றால், ‘அதற்கு இரக்கம் காட்டவேண்டாமா?’ என்பார். வெளிமாநிலங்களில் வேரூன்றிய நம்மவருள் பலர் பண்டிகைக்கு ஊர் சென்ற வழி இதுவே அன்றோ?

மார்கழியில் பெங்களூரின் குளிர் அதற்கு ஆகாது. குளிர்ந்த பெட்ரோல் எளிதில் ஆவியாகாது. எனவே சோக் என்ற குமிழை இழுத்துக் காற்றைக் குறைத்து, கலவையைச் செறிவாக்கினால்தான் எஞ்சின் விழிக்கும். 2000-ஆம் ஆண்டையொட்டிப் புகை விதிகள் இறுகவே, கார்புரேட்டர் போய், மின்னணுக் கருவி அளந்து எரிபொருளைப் பீய்ச்சும் முறை வந்தது, குமிழும் மறைந்தது. உடல் பழையது, மூச்சு புதியது. கார்க்காரர்கள் இதைத் தலைமுறை மாற்றமாக எண்ணுவதில்லை. நாமோ அதுவே பெரிய மாற்றம் என்போம்.

2000-இல் இந்தியாவுக்கு ஆல்டோ என்ற பெயரிலேயே இளைய கார் வந்தது. சில ஆண்டுகளில் விற்பனையில் மூத்ததை முந்திற்று. 2010 ஏப்ரலில் பாரத் நான்காம் நிலைப் புகை விதி பெங்களூர், சென்னை உள்ளிட்ட 13 நகரங்களில் நடைமுறைக்கு வந்தது. பழைய 800-ஐ அதற்கேற்ப மாற்றப் பணம் செலவிட நிறுவனம் விரும்பவில்லை. எனவே பெங்களூரில் புதிய 800-இன் விற்பனை அன்றோடு முடிந்தது. நாற்பது கிலோமீட்டர் தள்ளி, மாநில எல்லைக்கு அப்பால் இருக்கும் ஓசூருக்கு அவ்விதி வரவில்லை. ஒரே காற்றுத்தான், ஆனால் விதி எல்லைச் சாவடியில் நின்றுவிட்டது! 800 முற்றிலும் நின்றபின், அதன் 796 கன சென்டிமீட்டர் எஞ்சினின் வாரிசு ‘ஆல்டோ 800’ காரில் தொடர்ந்தது. சாலையில் ஓடும்போதே புகையை அளக்கும் புதிய விதி வந்ததால், 2023 மார்ச் இறுதியோடு அதுவும் நின்றது.

அதே 2023-இல் எங்கள் காரின் பதிவும் முடிந்தது. பதினைந்து ஆண்டு கடந்த காரின் பதிவை ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022-இல் 5,000 ரூபாய் ஆயிற்று. தந்தையார் காலமாகிவிட்டார். பழைய இரும்புக்குக் கொடுத்துவிடலாம் என்பது நம் யோசனை. அந்தப் பணத்துக்கு ஒரு நல்ல சைக்கிள்கூட வராது என்றான் மகன். தாயார் ஒன்றும் சொல்லவில்லை. தந்தையார் கண்ணாடிப் பெட்டியை வைக்கும் இடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிரேக்கையும் புகையையும் சரிசெய்து, சோதனைக்குக் கொண்டுபோனோம். 2028 வரை பதிவு கிடைத்தது.

மகன் இப்போது அதில்தான் ஓட்டப் பழகுகிறான். சென்ற மார்கழியில் ஒருநாள் காலை, அவன் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தும் கார் கிளம்பவில்லை. வாழ்நாளில் ஒருமுறைகூட ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்திராத அவன் பாட்டி, சமையலறைச் சன்னல் வழியாகக் குரல் கொடுத்தார்: “குமிழை இழுடா, கண்ணா! அப்புறம் சாவியைத் திருப்பு!”