இறப்புப் பதிவு என்னுஞ் சொல்

(உத்தரமேரூரில் நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



'இறப்புப் பதிவு' என்னுந் தொடரைக் கேட்டவளவில் அமங்கலமென்று முகஞ்சுளிப்பார் நம்மிற் பலர். அச்சொற்களின் பொருளை ஆராய்வார்க்கு அவ்வெறுப்புத் தோன்றாது. அதனைச் சிறிது விளக்குவேன்.

'இற' என்னும் பகுதிக்குக் கடத்தல் என்பது பொருள். கடந்துபோன காலத்தை இறந்தகாலமென இலக்கணநூலார் வழங்குதல் இதுபற்றியே. ஆகவே, இறந்தார் என்பது அழிந்தார் என்னும் பொருட்டன்று. நம்மைக் கடந்து சென்றார் என்னும் பொருட்டாம். 'பதிவு' என்பது 'பதி' என்னும் வினையடியாகப் பிறந்தது. அழுந்துதல், ஊன்றுதல் என்பன அதன் பொருள். சேற்றில் அடி பதிதலையும், செடியின் கிளையை மண்ணிற் பதியன் இடுதலையும் நாம் அறிவோம். கடந்து சென்றாருடைய சுவட்டை அழியாது ஊன்றிவைத்தலே இறப்புப் பதிவென்க.

இவ்வழக்கம் நமக்குப் புதிதன்று. ஆநிரை மீட்டு மாய்ந்த வீரனுக்குக் கல் நடுதலைத் தொல்காப்பியம் கூறுகின்றது. செங்கம் பகுதியிற் கிடைத்த பல்லவர் கால நடுகற்கள், இன்ன அரசர்க்கு இத்தனையாவது யாண்டில் இன்னான் பட்டான் என்று ஆண்டும் பேரும் காட்டி நிற்கின்றன.

அரசர்க்கோ, இறந்த இடமே பெயராயிற்று. குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன் என்பது சங்ககால வழக்கு. 949-ஆம் ஆண்டு தக்கோலப் போரில் யானைமீதிருந்து மாய்ந்த இராசாதித்த சோழன் 'ஆனைமேற்றுஞ்சின தேவர்' எனப்பட்டான். நம் காஞ்சிமாநகரத்துப் பொன்மாளிகையில் உயிர்நீத்த சுந்தரசோழன் 'பொன்மாளிகைத் துஞ்சின தேவர்' எனப்பட்டான். துஞ்சுதல் உறங்குதலாம். செத்தாரைத் துஞ்சினார் என்றலை மங்கலவழக்கு என்பர் இலக்கணநூலார். இறப்பைக் குறித்துவைத்தலை நம் முன்னோர் அமங்கலமென்று ஒதுக்கினாரல்லர். மங்கலச் சொல்லாலேயே குறித்தனர் என்பது ஈண்டு அறியத்தக்கது.

ஆயினும், கல்லிலும் பட்டயத்திலும் இடம்பெற்றோர் அரசரும் வீரரும் முதலிய சிலரே. ஏர் பிடித்தானுக்கும், நாற்று நட்டாளுக்கும், தொட்டிலில் மாய்ந்த மகவுக்கும் கல் நட்டவர் யார்? அக்குறையை நீக்க வந்ததே அரசாங்கப் பதிவேடு. 1899-ஆம் ஆண்டுச் சென்னை மாகாணச் சட்டமும், அதன்பின் நாடு முழுமைக்குமாக வந்த 1969-ஆம் ஆண்டுச் சட்டமும் இப்பதிவை முறைப்படுத்தின. அப்பதிவேட்டில் மன்னனுக்கும் ஒரு வரி. மண்சுமந்தாளுக்கும் ஒரு வரி.

அவ்வரியை நாம் எழுதுவிக்கின்றோமா? நம்மவர் திதியை மறவார், தேதியை மறப்பர். பெண்டிர் இறப்பும் குழந்தைகள் இறப்புமே பெரிதும் விடுபடுகின்றன. சொத்தில்லாதவளுக்குச் சான்று எதற்கு என்பாரும் உளர். கணவன் இறப்பைப் பதியாமையால் வாரிசுச் சான்றும், பட்டா மாற்றமும், உதவித்தொகையும் பெறாது அலுவலகந்தோறும் அலைகின்ற கைம்பெண்களை நாம் கண்டதில்லையா? இறந்த 21 நாளைக்குள் அறிவித்தால் கட்டணமின்றிப் பதியலாம். ஓராண்டு கடப்பின் மாஜிஸ்திரேட்டின் ஆணை வேண்டும். வீட்டில் அழைக்கும் பெயரை விடுத்து, ஆவணங்களிலுள்ள பெயரையே எழுதுவித்தலும் வேண்டும்.

ஆதலின், கருமாதிக்கு நாள் குறிக்கும்போதே பதிவுக்கும் ஆள் குறியுங்கள். துக்க வீட்டார் துயரில் அயர்ந்திருப்பர். அவர் பொருட்டுச் சென்று பதிந்து வருதலை அவ்வவ்வூர்ச் சங்க இளைஞர் மேற்கொள்வாராக. பாடை சுமக்கும் தோள்கள் இச்சிறு பணியையும் சுமத்தல் அரிதன்று. நம்மைக் கடந்து சென்ற ஒவ்வொருவரும் பெயரோடு பதிந்து நிற்க வேண்டும் என்று வேண்டி அமைகின்றேன்.